முனுசாமிக்கு இரண்டு முறை கால் வந்தது

மிஸ்டர் செல்லதுரை பொய் சொல்கிறார்.

எங்கள் டெலிபோன் இலாகா ஓய்வுபெற்றோர் மலரில் அவர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். இன்றைய பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போனால் கைப்பேசியில் டேட்டா தீர்ந்ததும் ஆளே காணாமல் போய்விடுகிறார்களாம். நம் காலத்தில் அப்படி இல்லையாம். "என் மேற்பார்வையில் இருந்த போர்டில், வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அழைப்புகூட உரியவரைச் சேராமல் போனதில்லை" என்று அச்சில் இருக்கிறது. பக்கத்தில் டை கட்டிய படம்.

அந்த டெலிபோன் போர்டில் உட்கார்ந்து அழைப்புகளை இணைத்தவள் நான். சேராமல் போன அழைப்பு உண்டு. இரண்டு. ஒரே நாளில், ஒரே ஆளுக்கு. நிறுத்தச் சொன்னவர் அவர். நிறுத்தியது என் கை.

மலரைப் பிரிக்காமலே போட்டிருப்பேன். என் அண்ணன் மகள் கவிதா ரவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆப்பீஸில் வேலை செய்கிறாள். போன மாதம் சென்னைக்குப் போனவளிடமிருந்து நாலு மணி நேரம் ஒரு தகவலும் இல்லை. ரோமிங் போட மறந்துவிட்டாளாம். அவள் அம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஹோட்டல் வைஃபையில் ஒரு படம் வந்தது. இட்லி படம். திரும்பி வந்த பிறகு என் வீட்டு மேசையில் கிடந்த மலரைப் புரட்டினாள்.

"அத்தை, ஒங்க காலத்துல இந்தத் தொல்லையே இல்லையாம்லா. ஒங்க பாஸ் எழுதியிருக்காரு."

"என்னா எழுதியிருக்காரு, படி."

படித்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் தோட்டத்துப் பிள்ளை. அப்பா அம்மா இருவருக்கும் ரப்பர் மரத்தில் பால்வெட்டு. ஐந்தாம் படிவம் முடித்து விண்ணப்பம் போட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் இலாகாவில் டெலிபோன் ஆப்பரேட்டர் ஆனேன். கோலாலம்பூரில் சில மாதம் பயிற்சி. குரலில் சிரிப்பு தெரிய வேண்டும், கோபம் தெரியக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டும் எனக்கு வரவில்லை. ஆனால் கை வேகம் இருந்தது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் வாயில் வந்தன. வைத்துக்கொண்டார்கள். வட சிலாங்கூரில் ஒரு சின்ன டவுனுக்கு அனுப்பினார்கள். சபாக் போகிற சாலைக்கு இரண்டு பக்கமும் இருந்த தோட்டங்கள் பலவும் எங்கள் போர்டில்தான்.

தோட்டம் என்றால் ஒரே ஒரு போன். அது ஆப்பீஸில் கணக்கு எழுதுகிற கிராணியின் மேசையில் இருக்கும். தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகள், அந்த லயம் அத்தனைக்கும் அதுதான்.

வெளிநாட்டு அழைப்பு, நாங்கள் சொல்கிற 'கால்', வந்தால் வேலை இப்படி நடக்கும். மெட்ராஸில் ஒருவர் தந்தி ஆப்பீஸில் பெயர் பதிந்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இரண்டு மணி நேரமும் ஆகலாம், ஐந்து மணி நேரமும் ஆகலாம். மெட்ராஸ் ஆப்பரேட்டர் கோலாலம்பூரைப் பிடிப்பார். கோலாலம்பூர் எங்களைப் பிடிக்கும். என் முன்னால் விளக்கு எரியும். பின் வரிசையில் இருக்கும் இணைப்பு வயரை, எங்கள் பேச்சில் கயிற்றை, எடுத்துச் செருகிப் பேசுவேன். டிக்கெட்டில் ஊர், பெயர், தோட்டம் எழுதி, நேரம் குத்தும் கடிகாரத்தில் வைத்து அழுத்துவேன். பிறகு முன் வரிசைக் கயிற்றைத் தோட்டத்து ஓட்டையில் செருகி மணி அடிப்பேன். பெர்சனல் கால் என்றால், யார் பெயரைக் கேட்டார்களோ அந்த ஆளே வந்து பேச வேண்டும். ஆள் லயத்தில் இருந்தால் கிராணி ஓட ஓட ஒருவரை அனுப்புவார். டிக்கெட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு நாங்கள் காத்திருப்போம். ஆள் இல்லை என்றால் 'ஆள் இல்லை' என்று எழுதி முடித்துவிடுவோம். பேச்சுக்கான காசு கிடையாது.

இதில்தான் நம் சனம் ஒரு வழி கண்டுபிடித்தது. நேர்த்திக்கடனுக்கு, கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு என்று இந்தியாவுக்குப் போகிறவர்கள், புறப்படும் முன் கிராணியிடம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அது அவர்கள் வீட்டில் செத்துப்போன ஒருவரின் பெயர். மெட்ராஸில் இறங்கியதும் அந்தப் பெயருக்குப் பெர்சனல் கால் பதிவார்கள். செத்தவர் வந்து பேச மாட்டார். கிராணி ஆள் இல்லை என்பார். கால் முடிந்தது, காசும் இல்லை, ஆனால் சேதி வந்துவிட்டது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். உயிரோடு இருப்பவரைக் கேட்டால்தான் விஷயம் பெரிது. ஏதோ நடந்துவிட்டது, பேச வேண்டும், ஓடி வா என்று பொருள்.

ஏன் செத்தவர் பெயர் என்று ஒரு கிராணியிடம் கேட்டிருக்கிறேன்.

"உசுரோட இருக்கிறவன் பேர வச்சா அவசரப்பட்டு ஓடியாந்து போன எடுத்துருவான் தாயி. செத்தவன்தான் சொன்ன பேச்சக் கேப்பான்" என்றார்.

போர்டில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். கண்டுகொள்ள மாட்டோம். விதிப்படி பார்த்தால் இலாகாவை ஏமாற்றுவதுதான். மூன்று நிமிடம் பேச ஒரு வாரக் கூலி போகும் என்றால் ஆட்கள் வேறென்ன செய்வார்கள்?

பிறகு மிஸ்டர் செல்லதுரை சூப்பர்வைசராக வந்தார். அவர் கத்த மாட்டார். கெட்டவன் என்றால் கத்துவான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், அதனால் இதை முதலில் சொல்கிறேன். வெள்ளைச் சட்டை. பையில் இரண்டு பென்சில், ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. எங்களை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார். ரப்பர் அடி வைத்த சப்பாத்தில் நாற்காலிகளுக்குப் பின்னால் நடப்பார். அவர் வந்து நிற்பது தெரியாது. தன் ஹெட்செட்டை நம் போர்டில் செருகி, நாம் பேசுவதைக் கேட்பார். அதற்கு முன் காதில் வைக்கிற பகுதியை மருந்துத் தண்ணீரில் நனைத்த கைக்குட்டையால் துடைப்பார். அந்த வாசனை வந்தால் நாங்கள் முதுகை நிமிர்த்துவோம்.

எங்கள் போர்டில் மட்டும் ஏன் இவ்வளவு 'ஆள் இல்லை' டிக்கெட் என்று கோலாலம்பூர் அவரைக் கேட்டிருந்தது. அவருக்கு அது பதவி உயர்வு நேரம்.

அந்தச் சமயத்தில்தான் லெட்சுமி மெட்ராஸுக்குப் போனாள். உள்ளே எட்டு மைல் தள்ளி இருந்த ஒரு தோட்டத்தில் பால்வெட்டு அவளுக்கு. மகள் சாந்திக்கு ஏழு வயது, நெஞ்சில் ஓட்டை. லயத்து ஆட்கள் சேர்ந்து வசூல் செய்து அனுப்பினார்கள். அந்தப் பணம் தாய்க்கும் பிள்ளைக்கும்தான் காணும் என்பதால் புருஷன் முனுசாமி சின்ன மகனோடு இங்கேயே இருந்துவிட்டார்.

போய்ச் சேர்ந்த மறுநாள் கால் வந்தது. பெயர் கருப்பாயி. நான்தான் போர்டில். தோட்டத்துக்கு மணி அடித்தேன்.

"மெட்ராஸ்ல இருந்து கருப்பாயிக்குப் பெர்சனல் கால் ஐயா."

"கருப்பாயியா? நம்ம முனுசாமி ஆத்தா. அது போயி மூணு வருசமாச்சே. ஆள் இல்லம்மா." கிராணி ரிசீவரை வைக்காமலே சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். "டேய் முனுசாமி, ஒன் பொஞ்சாதி புள்ள போய்ச் சேந்துட்டாங்கடா. இனிமேயாச்சும் போயிச் சோறு தின்னு."

வெளியே ஒரு ஆள் சிரித்தது எனக்குக் கேட்டது. கூடவே மருந்து வாசனையும் வந்தது.

திரும்பினேன். செல்லதுரை தன் ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மிஸ் ராஜம், கருப்பாயி யாரு?"

"தெரியாது சார்."

"செத்தவங்களுக்கு மெட்ராஸ்ல இருந்து கால் வருது. கேட்டீங்கதானே?"

"கிராணி சொன்னது கேட்டுச்சு சார்."

"முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"கவனிச்சதில்ல சார்."

சிவப்புப் பென்சிலால் டிக்கெட்டைச் சுற்றி வட்டம் போட்டார். "தெரிஞ்சே போட்டிருந்தா சார்ஜ் ஷீட் மிஸ். வேலை போயிரும். ஒங்களுக்குத் தெரியாதுன்னு சொல்றீங்க. நான் நம்புறேன்."

அந்த 'நம்புறேன்'தான் என்னைக் கட்டிப்போட்டது.

அந்த வாரமே எல்லாத் தோட்டங்களுக்கும் கடிதம் போட்டு செக்ரோல் நகல் வாங்கினார். செக்ரோல் என்பது தோட்ட வேலைக்குப் பெயர் பதிந்தவர்களின் பட்டியல். காலையில் ஆள் எடுக்கிற பெரட்டில், வேலையை மேய்க்கிற மண்டோர் அதை வைத்துத்தான் பெயர் கூப்பிடுவார். பட்டியல்களை அட்டையில் ஒட்டிப் போர்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். வெளிநாட்டுப் பெர்சனல் கால் வந்தால் முதலில் அட்டையைப் பார்க்க வேண்டும். பெயர் இருந்தால் தோட்டத்துக்கு மணி அடிக்கலாம். இல்லையென்றால் மணியே அடிக்கக் கூடாது. அப்படி ஒரு ஆள் இல்லை என்று கோலாலம்பூருக்குச் சொல்லி முடித்துவிட வேண்டும். இலாகாவின் விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு விதி இல்லை. இது அவர் சொந்தமாகப் போட்டது.

லயத்தில் இருப்பவர்கள் எல்லாரும் செக்ரோலில் இருப்பார்கள் என்று நினைக்கிறவர் ஒரு நாளும் லயத்தில் இருந்ததில்லை. வேலையை விட்ட கிழவர்கள் அதில் இல்லை. வெளியே வேலைக்குப் போகிறவர்கள் இல்லை.

"சார், எல்லாரு பேரும் இதுல வராது" என்றேன்.

"வர்றவங்க வரட்டும் மிஸ்" என்றார்.

முனுசாமி பெயர் அதில் இல்லை. மகள் மெட்ராஸுக்குப் போன பிறகு, இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து அனுப்பலாம் என்று தோட்ட வேலையை விட்டுவிட்டு ஒரு தவுக்கே முதலாளியின் செம்பனை லோரியில் குலை ஏற்றப் போய்விட்டார். கிராணி செக்ரோலில் பெயரை அடித்துவிட்டார். பெயர்தான் போனது. ஆள் அதே லயத்தில், பெண்டாட்டி பேரில் இருந்த அதே வீட்டில் இருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. லெட்சுமிக்கும் தெரியாது.

அது ஒரு வியாழக்கிழமை. மதியம் இரண்டரை இருக்கும். கோலாலம்பூர் என்னைப் பிடித்தது. மெட்ராஸிலிருந்து பெர்சனல் கால், பெயர் முனுசாமி.

அட்டையைப் பார்த்தேன். முனியாண்டி இருந்தார், முனியம்மா இருந்தாள். முனுசாமி இல்லை. ஆனால் முனுசாமி இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் சிரித்ததைக் கேட்டவள் நான். இந்தக் காலுக்குச் செத்தவர் பெயர் இல்லை, உயிரோடு இருப்பவர் பெயர் வந்திருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்றும் எனக்குத் தெரியும்.

என் கை முன் கயிற்றுக்குப் போனது. பின்னால் மருந்து வாசனை.

"லிஸ்ட்ல இருக்கா மிஸ்?"

"இல்ல சார். ஆனா இந்த ஆளு நெசமாவே இருக்காரு."

"அன்னிக்குக் கருப்பாயி, இன்னிக்கு முனுசாமி. அதே குடும்பம்தானே. அதே விளையாட்டு."

"இது வேற சார். இது அவசரமா இருக்கும்."

"எப்படித் தெரியும்?"

கோபமாகக் கேட்கவில்லை. ஏதோ சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். பதில் சொன்னால் இத்தனை நாளும் தெரிந்தே செய்திருக்கிறேன் என்று ஆகும். சார்ஜ் ஷீட். அப்பா நடக்க முடியாமல் வீட்டோடு கிடக்க, என் சம்பளத்தில் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

"தெரியாது சார்" என்றேன்.

"அப்ப முடிங்க."

முடித்தேன்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி வந்தது. அதே பெயர். இந்த முறை கோலாலம்பூர் ஆப்பரேட்டர் லைனை அடைக்கும் சாவியை முழுக்கத் திருப்பவில்லை போலிருக்கிறது, மெட்ராஸ் பக்கம் பேசியது உள்ளே கேட்டது. சன்னமான பெண் குரல். "முனுசாமிங்க, என் வீட்டுக்காரருங்க. லயத்துலதான் இருப்பாரு. கொஞ்சம் கூப்பிடச் சொல்லுங்கம்மா. டாக்டரு கேக்குறாருங்க."

செல்லதுரையின் ஹெட்செட் என் போர்டில் செருகியிருந்தது. அவரும் கேட்டார். என்னைப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். தலையை இல்லை என்று ஆட்டினார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன், அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த குரலில் சொன்னேன். அன்றைக்கு அந்தக் குரல் எனக்கு வந்தது.

விதிப்படி இரண்டு டிக்கெட்டும் 'ஆள் இல்லை' கட்டில் போக வேண்டும். போனால் அவர் கணக்கில் இரண்டு கூடும். அவர் இரண்டையும் சேர்த்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். காலையில் கூட்டுகிற அம்மா கூடையைக் கொட்டிவிட்டாள்.

நாலரைக்கு வேலை முடிந்தது. தோட்டத்துப் பக்கம் போகிற பஸ் என் முன்னால் வந்து நின்றது. எட்டு மைல்தான். நான் ஏறவில்லை. நான்தான் சேதி சொன்னேன் என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். இதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நான் மறைத்தேன் என்று அவர் சொல்லக் கூடாது.

மெட்ராஸில் நடந்தது இதுதான். மறுநாள் காலையில் நெஞ்சைத் திறக்க வேண்டும், பிழைப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது, தகப்பனைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். லெட்சுமி இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் ஆள் இல்லை என்று பதில் போனது. அவள் தனியாகக் கைநாட்டு வைத்தாள். சாந்தி அந்த மேசையிலிருந்து எழுந்திருக்கவில்லை. தந்தி தோட்டத்துக்கு வந்து சேர நாலு நாள் ஆனது. அதற்குள் பிள்ளையை அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் முனுசாமி எங்கள் ஆப்பீஸுக்கு வந்தார். சட்டையில் செம்பனை எண்ணெய்க் கறை. செல்லதுரை முன் மேசைக்குப் போனார். என் நாற்காலியிலிருந்து எல்லாம் தெரியும்.

"ஐயா, போன வாரம் மெட்ராஸ்ல இருந்து என் பேருக்குக் கால் வந்துச்சுங்களா? முனுசாமிங்க."

செல்லதுரை ரிஜிஸ்டரை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாக, விரல் வைத்து, நிதானமாகப் பார்த்தார். இல்லாத ஒன்றை அவ்வளவு நேரம் தேடினார்.

"வரலையே."

"நல்லாப் பாருங்கய்யா. லோரி விட்டு வந்து தெனமும் ஆப்பீஸ் படியிலதான் குந்தியிருந்தேன். வியாழக்கெழமகூட அங்கதான் இருந்தேன்."

"வந்திருந்தா கொடுத்திருப்போம். நாங்க ஒரு கால்கூட விட மாட்டோம்."

முனுசாமி போர்டு பக்கம் பார்த்தார். என் முகம் அவருக்குத் தெரியாது. ஒரு விளக்கும் எரியவில்லை. நான் ஒரு கயிற்றை எடுத்து, கால் வந்ததுபோலச் செருகிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன்.

லெட்சுமி திரும்பி வந்த அன்று லயமே கேட்கச் சண்டை நடந்ததாம். கிராணி ஒரு நாள் வேறு காலுக்கு நடுவில் என்னிடம் சொன்னார்.

"என்னக் கேக்காம எப்படிக் கைநாட்டு வச்சேங்கிறான் அவன். ரெண்டு தடவ கூப்பிட்டேன், நீதான் வரலங்கிறா அவ. கால் வரவே இல்லன்னு எக்ஸ்சேஞ்சிலயே சொல்லிட்டாங்க, நீ பொய் சொல்றேங்கிறான். இதுல யாரு தாயி பொய்யி?"

"வேற லைன் வருதுங்க ஐயா" என்று கயிற்றைப் பிடுங்கினேன்.

அவள் பிள்ளையைக் கேட்காமல் கொன்றாள் என்று முனுசாமி நம்பினார். கூப்பிட்டும் வராத புருஷன் என்று லெட்சுமி நம்பினாள். ஒரே வருடத்தில் பிரிந்துவிட்டார்கள். முனுசாமி சபாக்கில் தம்பி வீட்டுக்குப் போனார். லெட்சுமி அந்தச் சின்ன மகனைத் தூக்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போனாள். செல்லதுரைக்குப் பதவி உயர்வு வந்தது. பிறகு போர்டையே எடுத்துவிட்டு எல்லாம் தானாக இயங்கும்படி செய்தார்கள். நாங்கள் ஆளுக்கொரு கவுண்டருக்குப் போனோம்.

மலரைப் படித்த பிறகு லெட்சுமியைத் தேடிப் போனேன். புக்கிட் செந்தோசாவில் மகனோடு இருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு கேட்டாள்.

"ஒங்க சம்பளத்துல அன்னிக்கு எத்தன பேரு சாப்பிட்டாங்க?"

"அஞ்சு பேரு."

"அப்ப சரி" என்றாள். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. "ஆனா சாந்தி அப்பா நம்ப மாட்டாரு. நான் ஒங்களக் கூட்டியாந்து சொல்ல வைக்கிறேன்னு சொல்லுவாரு. அன்னிக்கு வரலன்னு சொன்னாருல்ல ஒரு ஐயா, அவரு வாயால வரணும்."

அவள் மகன் மலரை வாங்கிப் பார்த்தான். "இவரு இன்னும் வரலன்னுதானே எழுதியிருக்காரு, ஆண்ட்டி?"

சபாக்குக்கும் போனேன். முனுசாமிக்குக் கண் தெரியவில்லை. காது நன்றாகக் கேட்கிறது. முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ஐயா ரிஜிஸ்டரப் பாத்துல்ல சொன்னாரு. பக்கம் பக்கமா பாத்தாரும்மா. நான்தான் முன்னால நின்னேன்" என்றார். அதற்கு மேல் அவரை நகர்த்த முடியவில்லை. எழுதி வைத்த காகிதம் பொய் சொல்லாது என்று நம்புகிற ஆள்.

மிஸ்டர் செல்லதுரை, உங்களுக்கு வயதாகிவிட்டதாம், விட்டுவிடச் சொல்லி நம் பழைய ஆட்கள் இரண்டு பேர் எனக்குப் போன் செய்தார்கள். முனுசாமிக்கும் வயதாகிவிட்டது. லெட்சுமிக்கும்தான். என்னிடம் ஆதாரம் இல்லை. அதை நீங்கள் நாலாகக் கிழித்தீர்கள். என் பங்கை நான் என் பெயர் போட்டு எழுதிவிட்டேன். இலாகா என்னைக் கேட்க வேண்டுமென்றால் கேட்கட்டும்.

என் வீட்டுக்கு வந்து தனியாகப் பேச வேண்டாம். ஆள் விட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். அதே மலரில், அதே பக்கத்தில், அதே படத்தைப் போட்டு, முனுசாமியின் தம்பி மகன் அவருக்குப் படித்துக் காட்டும்படி ஒரே ஒரு வரி எழுதுங்கள். அந்த வியாழக்கிழமை முனுசாமிக்குக் கால் வந்ததா, இல்லையா?